ஒரே முகம், நான்கு எந்திரங்கள்

(நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நூலகத்தில் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசலாமா என்று அழைப்பிதழைப் பார்த்துச் சிலர் கேட்டார்களாம். தாராளமாகப் பேசலாம். நம்மூர்க் குடும்பங்களில் வீட்டுக்கும் நகைக்கும் அடுத்தபடியாக யோசித்துப் பணம் போடுகிற பொருள் வண்டிதான். நகையை உரசிப் பார்க்கிறோம். வீட்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். பழைய வண்டியை மட்டும், பெயிண்ட் பளபளப்பையும் சைலன்சர் சத்தத்தையும் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம்.

நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது, பழைய தோற்றமும் கனமும் நிதானமும் உள்ள வண்டிகளை, அதாவது ராயல் என்ஃபீல்டின் புல்லட், எலெக்ட்ரா, தண்டர்பேர்டு, கிளாசிக் ஆகியவற்றை இரண்டாம் கையாக வாங்குவதும் வைத்துக் காப்பாற்றுவதும். ஒரு செய்தியைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். இந்த வண்டிகளுக்கு முகம் ஒன்று. உள்ளே இருக்கும் எந்திரங்கள் நான்கு. எந்த எந்திரத்தை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குகிறவர் ஏமாறுவதில்லை. முகத்தைப் பார்த்து வாங்குகிறவரை நம்பித்தான் பல தரகர்கள் கடை வைத்திருக்கிறார்கள்.

முகம் ஏன் மாறவில்லை என்பதற்கு வரலாறு இருக்கிறது. இங்கிலாந்தில் ரெடிட்ச் என்ற ஊரில் ராயல் என்ஃபீல்டு கம்பெனி தன் முதல் மோட்டார் சைக்கிளை 1901இல் செய்தது. புல்லட் என்ற மாடல் 1932இல் வந்தது. பின்சக்கரத்துக்கும் ஷாக் அப்சார்பர் வைத்த 350 சிசி புல்லட் 1949இல் விற்பனைக்கு வந்தது. நாம் இன்று சாலையில் பார்க்கும் உருவத்துக்கு மூலம் அதுதான். எல்லைப் பகுதிகளில் ரோந்து போக நம் ராணுவம் அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தது. அதன் தொடர்ச்சியாக 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிட்ச் கம்பெனியும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. பிறகு பாகங்களைச் செய்யும் அச்சுகளும் கருவிகளுமே இங்கு வந்துவிட்டன. 1960களில் முழு வண்டியும் நம் மண்ணிலேயே உருவாகத் தொடங்கியது. ரெடிட்ச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. பெற்றெடுத்த ஊரில் நின்றுபோன வண்டி திருவொற்றியூரில் நிற்கவில்லை.

போட்டி குறைந்த லைசென்ஸ் காலம். வாங்குவதற்கு ராணுவமும் போலீசும். வடிவத்தை மாற்ற எந்த நெருக்கடியும் இல்லை. 1994இல் ஐஷர் குழுமத்தோடு இணைந்த பிறகு, புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது, உள்ளே மாற்றியே தீரவேண்டிய நிலை வந்தது. ஆனால் வாங்குகிறவர்களோ அதே வட்ட ஹெட்லைட்டும் அதே கண்ணீர்த்துளி டேங்க்கும் வேண்டும் என்றார்கள். கம்பெனியும் புத்திசாலித்தனமாக முகத்தை வைத்துக்கொண்டு எந்திரத்தை மட்டும் மாற்றியது. இரண்டாம் கைச் சந்தையில் வரும் குழப்பமெல்லாம் இங்கிருந்துதான்.

அந்த நான்கு எந்திரங்களில் முதலாவது, காஸ்ட் அயர்ன் இன்ஜின். சிலிண்டர் பேரல் வார்ப்பிரும்பு. 346 சிசி, ஏறத்தாழ 18 குதிரைசக்தி. கியர் பாக்ஸ் இன்ஜினிலிருந்து தனியாக நிற்கும். பெரும்பாலான வண்டிகளில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில், நான்கே கியர். ஸ்டார்ட் செய்வதற்கே ஒரு முறை உண்டு. ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும் வரை கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழுசாக ஒரு உதை. முறை தெரியாமல் உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் வீங்கியவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள்.

இரண்டாவது, ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். நிறுவனத்தின் துணையோடு உருவான அலுமினிய இன்ஜின். 2000ஐ ஒட்டி வந்தது. மச்சிஸ்மோ என்ற மாடலிலும், 2002இல் வந்த தண்டர்பேர்டிலும் இதுதான். சூட்டை வேகமாக வெளியேற்றும், பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும். அதே ஆண்டுகளில் காஸ்ட் அயர்ன் வண்டியும் பக்கத்திலேயே விற்றுக்கொண்டிருந்தது. ஆகவே ஆர்.சி.யில் உள்ள ஆண்டைப் பார்த்து, உள்ளே என்ன இன்ஜின் என்று முடிவு கட்டாதீர்கள். இந்த இன்ஜின் சந்தையில் இருந்தது சில ஆண்டுகள்தான் என்பதால், இதற்கென்றே உள்ள பாகங்களைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

மூன்றாவது, யூ.சி.இ. என்று மெக்கானிக்குகள் சொல்லும் இன்ஜின். இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுக்குள். 2008இல் தண்டர்பேர்டு ட்வின்ஸ்பார்க்கில் வந்து, 2009இல் கிளாசிக்கோடு ஊரெங்கும் பரவியது. இடது காலில் ஐந்து கியர், செல்ஃப் ஸ்டார்ட், வால்வு இடைவெளியைத் தானாகவே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட். இன்று இரண்டாம் கைச் சந்தையில் மிகுதியாக நிற்பது இந்த வகைதான். நெடுந்தூரம் போகிறவர்கள் 2012க்குப் பிறகு வந்த தண்டர்பேர்டைத் தேடுவார்கள்; அதன் டேங்க் 20 லிட்டர்.

நான்காவது, ஜே வகை இன்ஜின். 2020 நவம்பரில் மீட்டியார் என்ற மாடலிலும், 2021 செப்டம்பரில் புதிய கிளாசிக்கிலும், 2023 செப்டம்பரில் புல்லட்டிலும் வந்தது. 349 சிசி. அதிர்வை அடக்குவதற்கென்றே உள்ளே ஒரு பேலன்சர் ஷாஃப்ட் சுழல்கிறது. கைப்பிடியில் கை மரத்துப் போகாது.

யாருக்கு எது? தினமும் அலுவலகம் போய் வர ஒரே வண்டிதான் என்றால் மூன்றாவதோ நான்காவதோ. வீட்டில் ஓடுகிற இன்னொரு வண்டி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கையில் கிரீஸ் பட்டால் மகிழ்ச்சி என்கிறவருக்குக் காஸ்ட் அயர்ன். பழைய நல்ல மெக்கானிக் பக்கத்தில் இல்லாத ஊரில் காஸ்ட் அயர்ன் வாங்குவது வம்பை விலைக்கு வாங்குவதுதான்.

இனி, இந்த வண்டியின் குணம். முதல் மூன்று 350 இன்ஜின்களுக்கும் சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் பயணிக்கும் தூரம் 90 மில்லிமீட்டர். விட்டத்தைவிட ஓட்டம் நீளம். கூடவே கனமான ஃப்ளைவீல். குயவர் சக்கரத்தைப் பாருங்கள்: கனமாக இருப்பதால்தான் ஒருமுறை சுழற்றிவிட்டால் களிமண்ணின் இழுப்புக்கும் அசராமல் சுழல்கிறது. ஃப்ளைவீல் செய்வதும் அதைத்தான். மேட்டில் கியரைக் குறைக்காமல் ஏறுவதும், ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் காதில் விழுவதும் இந்த அமைப்பால். அதே அமைப்புக்கு மறுபக்கமும் உண்டு. நிமிடத்துக்கு 4000 சுற்று ஓடும்போது பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 12 மீட்டர். 5000 சுற்றில் 15 மீட்டர். நீள ஓட்டமுள்ள பெரிய பிஸ்டன் அந்த வேகத்தில் மணிக்கணக்கில் ஓடினால் சூடும் தேய்மானமும் கூடத்தான் செய்யும். யூ.சி.இ. 350 இன்ஜினின் இழுவிசை உச்சம் தொடுவதே 4000 சுற்றில்தான். அதற்குக் கீழே ஓட்டுவதற்காகவே வடித்த எந்திரம் இது. மணிக்கு 70, 80 கிலோமீட்டரில் நாள் முழுக்க ஓட்டுங்கள், முகம் சுளிக்காது. வேகம் வேண்டுமென்றால் வேறு வண்டி வாங்குங்கள்; அதில் தப்பே இல்லை.

சரி, வண்டியைப் பார்க்கப் போகிறோம். காலையில் போங்கள். போனதும் இன்ஜின்மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், "அண்ணே, ஆறட்டும், டீ குடிச்சுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். சூடான இன்ஜின் எல்லாக் குறையையும் மறைக்கும். குளிர்ந்த இன்ஜின் எதையும் மறைக்காது. ஸ்டார்ட் ஆனதும் புகையைக் கவனியுங்கள். நீலப் புகை நீடித்தால் ஆயில் எரிகிறது; பிஸ்டன் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கும். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. கார்புரேட்டர் வேலையோடு முடியலாம். பனிக்காலக் காலையில் சிறிது நேரம் வரும் வெள்ளைப் புகை வெறும் நீராவி, பயம் வேண்டாம்.

யூ.சி.இ. வண்டியில் செல்ஃபை அழுத்தும்போது கடகடவென்று உலோகம் மோதுகிற சத்தம் வந்தால் செல்ஃப் மோட்டாரை இன்ஜினோடு இணைக்கும் ஸ்ப்ராக் கிளட்ச் போயிருக்க வாய்ப்பு உண்டு. பேட்டரி பலவீனமாக இருந்தும் செல்ஃபையே அழுத்திக்கொண்டிருந்த ஓனரின் பரிசு அது. இன்ஜினைத் திறந்துதான் மாற்ற வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். காஸ்ட் அயர்னில் ஆயில் சொட்டுவதைச் சிலர் பெருமையாகவே சொல்வார்கள். லேசான ஈரம் வேறு, தரையில் குளம் கட்டுவது வேறு. கேஸ்கெட் வழிக் கசிவு சின்னச் செலவு. இன்ஜின் கூட்டில் விரிசல் விட்டு வெல்டு வைத்திருந்தால் வண்டியைத் தொடாதீர்கள்.

சென்டர் ஸ்டாண்டு போட்டு முன்சக்கரத்தைத் தூக்கச் சொல்லி, ஹேண்டில்பாரை இருபக்கமும் மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் எங்காவது கட்டையாக நின்றால் ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்கான கோன்செட் தேய்ந்திருக்கிறது. பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆடினால் ஸ்விங் ஆர்ம் புஷ் அல்லது பேரிங். டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். உள்ளே செம்மண் நிறம் தெரிந்தால் துரு. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். பழைய ரப்பர் வாஷர்களுக்கும் ஆகாது. ஓடாமல் மாதக்கணக்கில் நின்ற பழைய வண்டியில் டேங்க்கையும் கார்புரேட்டரையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்த டயர். பட்டன் தேயாத டயரும் வயதானால் இறுகிப்போகும், மழையில் வழுக்கும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். அதற்குப் பிந்தைய வண்டி என்று விற்கிறார்கள், ஏ.பி.எஸ். இல்லை என்றால், ஆண்டு பொய் அல்லது பாகம் போயிருக்கிறது.

நேரம் அதிகம் செலவழிக்க வேண்டிய இடம் இதற்குப் பிறகுதான். நம் மக்கள் இன்ஜினுக்கு ஒரு மணி நேரம் கொடுப்பார்கள், காகிதத்துக்கு ஐந்து நிமிடம் கொடுப்பார்கள். தலைகீழாகச் செய்யுங்கள்.

ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் உள்ள எண்களோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். அரத்தால் ராவி மறுபடி குத்திய தடம் தெரிந்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். சென்னை புதுப்பேட்டையில் பழைய பாகங்கள் குவிந்து கிடப்பதும், நல்ல பாகங்கள் அங்கே கிடைப்பதும் உண்மை. ஆனால் வேறொரு வண்டியின் இன்ஜினைத் தூக்கி மாட்டி, ஆர்.சி.யில் அதைப் பதியாமல் விட்டிருந்தால், அது சட்டத்தின் கண்ணில் உங்கள் தலைவலி. "ராணுவ ஏலத்தில் எடுத்தது" என்று சொன்னால் ஏலக் காகிதத்தைக் கேளுங்கள். ராணுவம் ஓட்டியது என்பதற்காகவே விலையைக் கூட்டிக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

கடனில் வாங்கிய வண்டியானால் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருக்கும். கடன் அடைத்ததற்கான என்.ஓ.சி.யும், ஃபாரம் 35ம் வாங்கி அந்தப் பெயரை நீக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கு விற்கிறவர் கையெழுத்திடுவது ஃபாரம் 29. வாங்குகிறவர் தருவது ஃபாரம் 30. மோட்டார் வாகனச் சட்டம் 50ஆம் பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வெளிமாநில வண்டி என்றால் ஃபாரம் 28இல் தடையின்மைச் சான்று, இங்கே வரி, புது எண் எல்லாம் சேரும். மலிவாகத் தெரிந்த விலை அங்கே ஏறிவிடும். பதிவாகி 15 ஆண்டு முடிந்த வண்டிக்குப் பரிசோதனை செய்து பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதன் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை. 15 ஆண்டு முடிய ஆறு மாதம் இருக்கும்போது விற்கிறவர் ஏன் விற்கிறார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "வண்டி போயிடுச்சு, பெயரை அவங்க மாத்திக்குவாங்க" என்று வெற்று ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறீர்கள். 2018 பிப்ரவரியில், நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், வண்டி பல கை மாறியிருந்தாலும், விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு அவரிடமே நிற்கும். அந்த வழக்கில் வண்டி ஒருவர் மாற்றி ஒருவராகக் கை மாறியிருந்தது. பதிவேட்டில் மட்டும் முதல் பெயர் மாறவில்லை. வாங்குகிறவரும் கவனிக்க வேண்டும்: இன்ஷூரன்ஸ் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பம் கொடுங்கள். பெயர் மாறாத பாலிசியில் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குப் பணம் கிடைப்பது கஷ்டம்.

விலை பற்றிச் சுருக்கமாக. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 ஆனது. இங்கே நான் சொன்ன 350கள் எல்லாம் குறைந்த வரிக்குள் வருகின்றன. புது வண்டி விலை இறங்கியபோது பழைய வண்டி விலையும் இறங்கத்தான் வேண்டும். "போன வருஷம் இவ்வளவுக்குப் போச்சு" என்ற பேச்சை ஏற்காதீர்கள். கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடவும் வேண்டாம். ஆயில், செயின் ஸ்ப்ராக்கெட், டயர், பேட்டரி, கேபிள்கள், பிரேக் ஷூ அல்லது பேட் — வாங்கிய கையோடு இவற்றைப் பார்க்க ஒரு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள்.

வைத்துக் காப்பாற்றுவது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. காஸ்ட் அயர்னில் டேப்பட்டை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் பார்க்க வேண்டும். புஷ் ராடு விரலால் உருட்டினால் உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது, அவ்வளவுதான் அளவு. தீப்பொறிக்கான கான்டாக்ட் பாயிண்டைச் சுத்தமாக வைத்திருந்தால் காலையில் உதைக்கும் எண்ணிக்கை குறையும். எல்லா வகைக்கும் பொது: ஆயிலை நாள் கடத்தாமல் மாற்றுங்கள், செயினை இறுக்கிக் கட்டாதீர்கள், அதிரும் வண்டி என்பதால் நட்டு போல்ட்டுகளை அவ்வப்போது பாருங்கள். நீண்ட தூரம் போகும்போது ஒரு கிளட்ச் கேபிளும் ஸ்பார்க் பிளக்கும் பையில் இருக்கட்டும்.

தம்பிகள் கேட்க விரும்பாத ஒன்றையும் சொல்ல வேண்டும். சைலன்சரை மாற்றிக்கொண்டு, நள்ளிரவில் தெருவை எழுப்புவது. 175 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு விதி தரும் சத்த எல்லை 80 டெசிபல். அதை மீறினால் வண்டியைப் பிடித்து அபராதம் போடுவார்கள். அதைவிட, நோயாளியும் கைக்குழந்தையும் உள்ள வீட்டார் உங்களுக்குத் தரும் வாழ்த்து வேறு வகையாக இருக்கும். (சிரிப்பு) வண்டியோடு வந்த சைலன்சரை விற்றவரிடமிருந்து கேட்டு வாங்கி மாட்டுங்கள். அந்த நீள ஓட்ட எந்திரம் தன் சொந்தக் குரலிலேயே கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

வேறு வண்டிகளையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம். மைசூரில் 1961 முதல் 1996 வரை உருவான ஜாவா, யெஸ்டி வண்டிகள் டூ ஸ்ட்ரோக். கிக்கரே கியர் லீவராகவும் வேலை செய்யும் விந்தை அவற்றில் உண்டு. அவற்றை வாங்குகிறவர் ஓட்டுவதைவிடப் பாகம் தேடுவதை ரசிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். உயரம் குறைந்தவர்கள், குறைந்த விலையில் க்ரூஸர் வேண்டுமென்பவர்கள், 2005இல் வந்த பஜாஜ் அவெஞ்சர் வரிசையைப் பார்க்கலாம். இருக்கை தாழ்வு, எடையும் புல்லட்டைவிடக் குறைவு. 50 ஆண்டு கடந்த வண்டியை மூல உருவத்திலேயே காப்பாற்றி வைத்திருப்பவர்களுக்கு 2021இல் வின்டேஜ் பதிவு விதிகள் வந்துவிட்டன. ஆனால் அந்தப் பதிவில் உள்ள வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்ட முடியாது.

நண்பர்களே, பழைய வண்டி வாங்குவதை நான் தடுக்கவில்லை; ஆதரிக்கிறேன். நம் சென்னைக்குப் பக்கத்தில் உருக்கி, கடைந்து, பூட்டிய எந்திரங்கள் இவை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இன்னொரு தலைமுறைக்கும் ஓடும். உங்களை மூன்றே காரியங்கள் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். பணம் கொடுக்குமுன் நான்கில் எது என்று கண்டுபிடியுங்கள். குளிர்ந்த இன்ஜினைப் பாருங்கள். சாவி கை மாறிய அந்த வாரத்திலேயே பெயர் மாற்ற விண்ணப்பத்தைக் கொடுங்கள். இங்கே யாராவது பழைய வண்டியை விற்றுவிட்டுப் பெயர் மாறியதா என்று பார்க்காமல் இருந்தால், இன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள்.